எளிய விருந்தின் நெடிய வரலாறு



வரலாறு என்றவுடன் அரசர்களின் பெயர்களும், போர்கள் நிகழ்ந்த ஆண்டுகளும், உடன்படிக்கைகளும் உங்கள் நினைவுக்கு வருகின்றன. அவற்றைப் பல்லாண்டுகள் வகுப்பறையில் கற்பித்தவன் நான்; அவை வேண்டாதவை என்று ஒருநாளும் சொல்லமாட்டேன். ஆயினும், இன்று உங்களை அரண்மனைக்கோ போர்க்களத்திற்கோ அழைத்துச் செல்லப் போவதில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உள்ள ஒரு நடுத்தரக் குடும்பத்தின் சமையலறைக்கு அழைத்துச் செல்கிறேன்.

மாலை நேரம். வேலையிலிருந்து திரும்பிய தாய் கோழித் துண்டங்களை ஒரு கண்ணாடித் தட்டில் அடுக்குகிறாள். உப்பு, மிளகுத்தூள், எண்ணெய், பூண்டு ஆகியவற்றை அவற்றின்மீது தடவுகிறாள். சுற்றிலும் உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் நறுக்கிப் பரப்புகிறாள். சில வீடுகளில் தகர டப்பாவில் வந்த காளான் சூப்பையும் மேலே ஊற்றுவது உண்டு. பின்பு, 'ஓவன்' எனப்படும் மூடிய அடுப்பினுள் தட்டை வைத்து, 400 பாகை பாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ், என்னும் குறிக்கு ஒரு குமிழைத் திருப்பிவிடுகிறாள். முக்கால் மணி நேரத்தில் நால்வர் உண்ணும் விருந்து ஆயத்தமாகிவிடுகிறது. இதற்கென்று அரும்பொருள் எதையும் தேடி அலைய வேண்டுவதில்லை. எல்லாம் வீட்டுச் சரக்கறையில் எப்போதும் இருப்பவையே.

இதைவிட எளிய விருந்து இல்லை என்று அந்நாட்டார் கருதுகின்றனர். அவர்கள் கருதுவது சரியே. ஆனால் வரலாற்று மாணவன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இஃது எப்போது எளிதாயிற்று? யாரால் எளிதாயிற்று?

'எளிது' என்னும் சொல்லுக்குள் இருவேறு செய்திகள் மறைந்துள்ளன. ஒரு கடினத்தை மனித அறிவு உண்மையாகவே தீர்த்திருக்கலாம். அல்லது, அக்கடினம் தீராமலே, நம் தோளிலிருந்து இறங்கி, நம் கண்ணுக்கு எட்டாத மற்றொரு தோளில் ஏறியிருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்தறிவதே இன்று நாம் செய்ய வேண்டிய வேலை.

முதலில் நெருப்பை எடுத்துக்கொள்வோம். பழங்கால இங்கிலாந்தில் இறைச்சியைத் திறந்த தீயின் முன் நீண்ட இரும்புக் கம்பியில் கோத்துச் சுடுவர். கம்பி இடைவிடாமல் சுழல வேண்டும். நின்றால் ஒருபுறம் கருகும், மறுபுறம் வேகாது. பெருவீடுகளில் அதைச் சுழற்றுவதற்கென்றே சிறுவர்களை வைத்திருந்தனர். தீயின் அனலில் மணிக்கணக்காக அமர்ந்திருப்பதே அவர்கள் தொழில். பின்னர் சிறுவர்களின் இடத்திற்கு நாய்கள் வந்தன. சுவரில் உயரப் பொருத்திய மரச் சக்கரத்தினுள் குட்டைக்கால் நாய் ஒன்றை விட்டு ஓடச் செய்வர். சக்கரம் சுழல, அதனோடு பிணைத்த கம்பியும் சுழலும். 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜான் கையஸ் என்னும் மருத்துவர் இங்கிலாந்தின் நாய்களைப் பற்றி எழுதிய நூலில் இவ்வகை நாயையும் குறிப்பிட்டுள்ளார். இயந்திரங்கள் வந்தபின் அவ்வினமே மறைந்துவிட்டது. பாடம் செய்யப்பட்ட அத்தகைய நாய் ஒன்றை வேல்ஸ் நாட்டின் அபர்கவென்னி நகர அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம்.

சிறுவனுக்குக் கிடைத்த ஓய்வு நாயின் உழைப்பாயிற்று என்பதைக் கவனியுங்கள். கடினம் அங்கே தீரவில்லை, இடம் மாறியது.

மூடிய அடுப்பு வந்தபோதுதான் அக்கடினம் மெய்யாகத் தீர்ந்தது. நாற்புறமும் வெப்பம் சூழ்வதால் கம்பியைச் சுழற்றும் வேலையே இல்லாது போயிற்று. 1826இல் இங்கிலாந்தின் நார்தாம்ப்டன் நகரில் ஜேம்ஸ் ஷார்ப் என்பவர் எரிவாயு அடுப்பொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் அடுப்பினுள் வெப்பம் எவ்வளவு என்பதை அறிய நெடுங்காலம் வழியில்லை. கையை உள்ளே நீட்டி, எவ்வளவு நேரம் பொறுக்க முடிகிறது என்று எண்ணிப் பார்ப்பர். அல்லது சிறிது மாவைத் தூவி, அது எவ்வளவு விரைவில் சிவக்கிறது என்று நோக்குவர். வெப்பத்தைத் தானே சீராக வைத்திருக்கும் கருவி அமெரிக்காவில் 1910களிலும், இங்கிலாந்தில் 1923இலும் வீட்டு அடுப்புகளில் இடம்பெறலாயிற்று. குமிழைத் திருப்பிவிட்டு மற்றொரு வேலையைப் பார்க்கப் பெண்களுக்கு இயன்றது அதன் பின்னரே.

கண்ணாடித் தட்டுக்கும் கதை உண்டு. நியூயார்க் மாநிலத்தில் கார்னிங் என்னும் ஊரில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலை இருந்தது. வெப்பத்தால் எளிதில் உடையாத கண்ணாடியை அங்கு மின்கலச் சாடிகளுக்குப் பயன்படுத்தினர். 1913இல் அங்குப் பணியாற்றிய ஜெஸ்ஸி லிட்டில்டன் என்னும் அறிவியலறிஞர் அத்தகைய சாடி ஒன்றின் அடிப்பகுதியை அறுத்தெடுத்து வீட்டிற்குக் கொண்டு சென்றார். அவர் மனைவி பெஸ்ஸி அதில் கேக் சுட்டுப் பார்த்தார். அது சீராக வெந்தது, கண்ணாடியும் உடையவில்லை. 1915இல் 'பைரெக்ஸ்' என்னும் பெயரில் அத்தகைய சமையற் பாத்திரங்கள் கடைக்கு வந்தன. இதே வரிசையில் பாஸ்டன் நகரத்துச் சமையற்கலை ஆசிரியை பேனி பார்மரையும் சேர்க்க வேண்டும். 1896இல் அவர் வெளியிட்ட நூலில், கரண்டியும் கோப்பையும் தலைதட்டிய அளவாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். கைப்பக்குவம் உள்ளவர் மட்டுமே செய்யக்கூடியதைப் புதிதாகக் கற்பவரும் செய்ய அது வழிவகுத்தது. ஆசிரியத் தொழிலில் இருந்தவனாதலால் அவரிடம் எனக்குத் தனி மதிப்பு உண்டு.

இனிச் சரக்கறையைத் திறப்போம். உருளைக்கிழங்கு தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைநாடு தந்தது. மிளகோ நமக்கு மிக அண்மையில் உள்ள மேற்குக் கடற்கரைக்கு உரியது. முசிறித் துறைமுகத்தில் யவனர் பொன் கொடுத்து மிளகு வாங்கிய செய்தியை அகநானூற்றில் காண்கிறோம். கி.பி. 408இல் ரோமாபுரியை முற்றுகையிட்ட கோத்தியர் தலைவன் அலாரிக், பொன்னோடும் வெள்ளியோடும் 3,000 இராத்தல் மிளகையும் கேட்டு வாங்கினான். ஒரு பேரரசின் தலைநகரை விடுவிக்கும் விலையில் இடம்பெற்ற பொருள் இன்று சமையலறை மேடையில் சிறு குப்பியில் கிடக்கிறது.

தகர டப்பாவும் அவ்வாறே. உணவைக் காற்றுப் புகாது அடைத்துக் கொதிநீரில் இட்டுக் காக்கும் முறையைக் கண்ட பிரெஞ்சுக்காரர் நிக்கோலா அப்பேர், 1810இல் தம் அரசிடமிருந்து 12,000 பிராங்கு பரிசு பெற்றார். 1897இல் அமெரிக்க வேதியியலறிஞர் ஜான் டாரன்ஸ், சூப்பிலிருந்து நீரின் பெரும்பகுதியைக் குறைத்து அடைக்கும் முறையை வகுத்தார். சுமை குறைந்தது, விலையும் இறங்கிற்று. டப்பாவில் அடைத்த காளான் சூப் 1934இல் அதே நிறுவனத்திலிருந்து வந்தது.

நிற்க. இவ்விருந்தின் தலைமைப் பொருளாகிய கோழிக்கு வருவோம்.

வீட்டுக்கோழியின் மூதாதை செந்நிறக் காட்டுக்கோழி என்பதை 1868இல் வெளிவந்த நூலில் டார்வின் எடுத்துரைத்தார். தாய்லாந்தின் பான் நோன் வாட் என்னும் இடத்தில் கிடைத்த எலும்புகள் ஏறத்தாழ கி.மு. 1650 முதல் 1250 வரையிலான காலத்தவை என்றும், வீட்டுக்கோழிக்கு இன்றுள்ள மிகப் பழைய சான்று அவையே என்றும் 2022இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். நம் தென்னிந்தியக் காடுகளுக்கும் இதில் பங்கு உண்டு. பல கோழியினங்களின் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபுக்கூறு, இந்தியத் தீபகற்பத்திற்கே உரிய சாம்பல் நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் கண்டறிந்தனர்.

ஆயினும் கோழிக்கறி எளியோரின் அன்றாட உணவாக நெடுங்காலம் இருந்ததில்லை. முட்டையிடும் பறவையை அறுப்பவர் யார்? பிரான்சு நாட்டை 1589 முதல் 1610 வரை ஆண்ட நான்காம் ஹென்றி, தம் நாட்டு உழவர் ஞாயிறுதோறும் பானையில் கோழி சமைக்கும் நிலை வேண்டும் என்று விரும்பியதாக வழிவழிச் செய்தி உண்டு. 1928இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலின்போதும், வீட்டுக்கொரு கோழி என்பதையே செழிப்பின் அடையாளமாகக் காட்டி, ஹூவரின் குடியரசுக் கட்சி சார்பில் விளம்பரம் வெளிவந்தது. அரசன் கனவு காணவும், கட்சி பெருமை பேசவும் தக்க அளவுக்குக் கோழி அருமையுடையதாய் இருந்தது.

அவ்வருமை எப்படி நீங்கிற்று? 1923இல் டெலவேர் மாநிலத்தின் ஓஷன் வியூ என்னும் ஊரில் செசில் ஸ்டீல் என்னும் பெண்மணி முட்டைக்காக 50 குஞ்சுகள் வேண்டுமென்று எழுதினார். வந்து சேர்ந்தவையோ 500. அவர் திருப்பி அனுப்பவில்லை. கொட்டகை அமைத்து வளர்த்து, பிழைத்த 387 பறவைகளையும் இராத்தல் 62 சென்ட் விலைக்கு விற்றார். இன்றைய பண மதிப்பில் அது 10 டாலருக்கும் மேலாகும். 1926இல் அவரிடம் 10,000 கோழிகளுக்கான கொட்டகை இருந்தது. கறிக்கென்றே கோழி வளர்க்கும் தொழில் அங்கே வேரூன்றியது.

அக்காலத்திலேயே அறிவியலும் துணைக்கு வந்தது. வெயில் படாமல் கொட்டகையில் அடைபட்ட குஞ்சுகளுக்குக் கால்கள் வளைந்து போகும். வைட்டமின் டி குறைவே அதற்குக் காரணம் என்றும், மீன் எண்ணெய் அக்குறையைப் போக்கும் என்றும் 1920களில் தெளிந்தனர். அதன்பின் ஆண்டு முழுவதும் கொட்டகைக்குள்ளேயே வளர்க்க முடிந்தது. அடுத்து, 'நாளைய கோழி' என்னும் பெயரில் ஒரு போட்டி நடந்தது. 1948, 1951 ஆகிய இரு இறுதிச் சுற்றுகளிலும் கலிபோர்னியாவின் வான்ட்ரஸ் பண்ணை வளர்த்த கலப்பினமே வென்றது. சதைப்பற்று மிகுந்த இனங்கள் பெருகின.

அதன் விளைவை ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டுகிறது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 1957, 1978, 2005 ஆகிய ஆண்டுகளுக்குரிய கோழியினங்களை ஒரே தீவனமிட்டு வளர்த்து, முடிவுகளை 2014இல் வெளியிட்டனர். 56 நாளில் முதல் இனம் 905 கிராம் இருந்தது. இரண்டாவது 1,808 கிராம். மூன்றாவது 4,202 கிராம். தீவனம் ஒன்றே, பறவைதான் வேறு. உலகில் இன்று ஆண்டுதோறும் 7,000 கோடிக்கும் மேற்பட்ட கோழிகள் உணவாகின்றன. நான்காம் ஹென்றியின் விருப்பம் பல நாடுகளில் வாரம் ஒருமுறை என்பதையும் தாண்டி நிறைவேறிவிட்டது.

ஏழைக்கும் புரத உணவு கிடைத்தது பெரிய நன்மை. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் நம் கேள்வியை இங்கும் கேட்க வேண்டும். கடினம் தீர்ந்ததா, இடம் மாறியதா?

சில வாரங்களில் இத்தனை எடை ஏறும் பறவையின் கால்களும் இதயமும் அச்சுமையைத் தாங்க மாட்டாது துன்புறுகின்றன. மரச் சக்கரத்தில் ஓடிய நாயின் உழைப்பை வீட்டார் கண்ணால் கண்டனர். இப்பறவையின் துன்பத்தையோ உண்பவர் காண்பதில்லை.

மனிதர் நிலையையும் பாருங்கள். 1991 செப்டம்பர் 3ஆம் நாள், வட கரோலினா மாநிலத்தின் ஹாம்லெட் என்னும் சிற்றூரில், கோழித் துண்டங்களைப் பக்குவப்படுத்தி அனுப்பும் ஆலையொன்றில் தீப்பற்றியது. எண்ணெய்க் கொப்பரையின் அருகே ஒரு குழாய் வெடித்ததே காரணம். தொழிலாளர் கதவுகளை நோக்கி ஓடினர். கதவுகள் பூட்டிக் கிடந்தன. கோழித்துண்டுகள் திருடு போகாமல் காக்கவே பூட்டியதாகப் பின்னர்க் கூறப்பட்டது. 25 பேர் மாண்டனர். 11 ஆண்டுகள் நடந்த அவ்வாலையை அரசின் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவரும் ஒருமுறைகூடப் பார்வையிட்டதில்லை. ஆலையின் உரிமையாளர் 1992இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். ஒரு குடும்பத்தின் மாலை நேரத்தை எளிதாக்க ஆயத்தமான உணவு அது. அதை ஆயத்தம் செய்தவர்களுக்கு வெளியேற ஒரு கதவு திறந்திருக்கவில்லை.

இவற்றைச் சொல்வது உங்கள் தட்டிலுள்ள உணவைக் கசப்பாக்குவதற்கு அன்று. வெப்பத்தைச் சீராக்கிய கருவியும், உடையாத கண்ணாடியும், தலைதட்டிய அளவும் எவர் தோளிலும் சுமை ஏற்றாமலே கடினத்தைத் தீர்த்தவை. அவற்றை வகுத்தவர்களுக்கு நன்றி செலுத்துவோம். பூட்டிய கதவும், தன் எடையைத் தாங்காத பறவையும் தீர்வுகள் அல்ல. நம் கண்ணுக்கு மறைவாக வைக்கப்பட்ட சுமைகள். அவற்றை இறக்கி வைக்கும் வழியை உங்கள் தலைமுறை காண வேண்டும். சட்டத்தாலும், ஆய்வாளர் வருகையாலும், உண்மை விலை கொடுக்கும் மனத்தாலும் அது கைகூடும்.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு பயிற்சி தருகிறேன். உங்கள் வீட்டில் எளிதாகக் கிடைக்கும் ஒரு பொருளைத் தேர்ந்துகொள்ளுங்கள். தீப்பெட்டியோ, சர்க்கரையோ, ஒரு முழத் துணியோ ஆகலாம். அது யாருடைய அறிவால் எளிதாயிற்று, யாருடைய தோளில் இன்னும் கனக்கிறது என்று இரண்டு பத்திகளாக எழுதுங்கள். முதற்பத்தியை எழுத நூலகம் போதும். இரண்டாவதை எழுத, வெளியே சென்று உழைப்பவரிடம் கேட்க வேண்டியிருக்கும். கேளுங்கள், அவர்கள் சொல்வார்கள்.