எழுவர் இருக்கை: சிங்கப்பூரில் ஜூரி முறை வந்ததும் மறைந்ததும்

இன்று சிங்கப்பூர் உயர் நீதிமன்றத்தில் கொலை வழக்கொன்றைக் காணச் செல்லும் இளையர், நீதிபதி ஒருவரே சாட்சியங்களைக் கேட்டுத் தீர்ப்பும் வழங்குவதைக் கண்டு வியப்படைய மாட்டார். அவருடைய பாட்டனார் காலத்தில் நிலைமை வேறு. குற்றம் செய்தவரா அல்லரா என்று முடிவு கூறும் அதிகாரம் அன்று சட்டம் பயிலாத ஏழு குடிமக்களிடம் இருந்தது. அக்குழுவைச் சான்றாயம் என்றும் நடுவர் குழு என்றும் தமிழில் பெயர்த்தோர் உண்டு. ஆயினும் மக்கள் நாவில் 'ஜூரி' என்னும் சொல்லே நிலைத்தது. அறங்கூறவையத்தை மதுரைக்காஞ்சிக் காலத்திலேயே அறிந்திருந்த மொழியில் இப்பெயர் கடைசிவரை தமிழாகாமற் போனது தற்செயலன்று என்பது என் கருத்து.

ஜூரி முறை ஆங்கிலேயரின் நீதிச் சாசனங்களோடு இங்கு வந்தது. 1807-ஆம் ஆண்டுச் சாசனம் பினாங்கிற்கு ஒரு நீதிமன்றத்தை அளித்தது. 1826-ஆம் ஆண்டுச் சாசனம் அதன் எல்லையைச் சிங்கப்பூருக்கும் மலாக்காவிற்கும் விரித்தது. தொடக்கமே சச்சரவில்தான். ரெக்கார்டர் எனப்பட்ட தலைமை நீதிபதி சர் ஜான் கிளாரிட்ஜ், பயணச் செலவு பற்றிய பிணக்கினால் சிங்கப்பூருக்கு வர மறுத்துப் பினாங்கிலேயே தங்கிவிட்டார். ஆகவே 1828-இல் இங்கு கூடிய முதல் குற்றவியல் அமர்வை ஆளுநர் ஃபுல்லர்ட்டன் முன்னின்று நடத்தினார். கிளாரிட்ஜ் பின்னர்த் திருப்பி அழைக்கப்பட்டார். நீதிபதியே இன்றி நீதிமன்றம் தொடங்கிய ஊர் நம்முடையது!

அந்நாளில் ஜூரி இருவகைப்படும். வழக்கை விசாரணைக்கு அனுப்பலாமா என்று ஆராய்ந்தது பெரிய ஜூரி. விசாரணையின் இறுதியில் முடிவு கூறியது சிறிய ஜூரி. பெரிய ஜூரியினர் சாலைகளின் சீர்கேட்டையும் காவலின் போதாமையையும் அரசுக்கு எடுத்துரைப்பதைத் தம் கடமையாகக் கருதினர். சட்டமன்றத் தேர்தல் என்பதே இல்லாத காலத்தில் அதுவும் ஒரு குரல்தான். ஆனால் அக்குரல் பெரிதும் ஐரோப்பிய வணிகர் குரலாகவே இருந்தது. 1873-இல் பெரிய ஜூரி ஒழிக்கப்பட்டது. சிறிய ஜூரியும் பன்னிருவரிலிருந்து எழுவராகச் சுருங்கியது.

அந்த எழுவராக யார் அமரலாம் என்பதில்தான் நம் கவனம் நிற்க வேண்டும். ஜூரியாக அமர்வோர்க்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்பது விதி. நகர மக்களுள் பெரும்பாலோர் ஆங்கிலம் அறியாதவர். ஆதலால், குற்றவாளிக் கூண்டில் நின்ற தோட்டத் தொழிலாளியையோ துறைமுகக் கூலியையோ மதிப்பிட அமர்ந்தவர்கள், அவருடைய சொல்லை அவர் வாயிலிருந்து நேரே கேட்டவர்கள் அல்லர். மொழிபெயர்ப்பாளர் வாயிலிருந்து கேட்டவர்கள். தமிழ்ச் சாட்சி ஒருவர் 'அண்ணன்' என்றால் அது உடன்பிறந்தவரா, பெரியப்பா மகனா, அடுத்த வீட்டு மூத்தவரா? வாய்ச்சண்டையில் 'கொன்றுவிடுவேன்' என்று கத்துவது நம் தெருக்களில் அன்றாட வழக்கு. அதையே ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் பெயர்த்து அவையில் வைத்தால் கொலை நோக்கத்திற்குச் சான்றாகிவிடாதா? ஒருவர் உயிர் இத்தகைய சொற்களின்மேல் தொங்கியது. நீதிபதி மட்டும் விசாரித்தாலும் இவ்விடர் உண்டுதான். ஆனால் 'நம்மை ஒத்தவர் நம்மை மதிப்பிடுகின்றனர்' என்பதே ஜூரி முறையின் உயிர்நாடி. மொழியால் ஒத்தவர் அல்லாதார் அமர்ந்தபோது அவ்வுயிர்நாடி நலிந்தே துடித்தது.

அம்முறையின்மேல் விழுந்த பலமான அடி வேறொரு திசையிலிருந்து வந்தது. 1950 டிசம்பரில் மரியா ஹெர்டோ வழக்கை ஒட்டி மூண்ட கலவரத்தில் 18 பேர் மாண்டனர். ஆங்கிலேய விமானப்படை ஊழியர் ஒருவரைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட நால்வருக்காக வாதாடினார் இளம் வழக்கறிஞர் லீ குவான் இயூ. நால்வரும் கொலைக் குற்றத்திலிருந்து தப்பினர். வென்றவர் மகிழவில்லை, ஜூரி முறையில் தாம் நம்பிக்கை இழந்தது அவ்வழக்கினால்தான் என்று அவரே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார். 1959-இல் அவர் பிரதமரானதும், மரண தண்டனைக்குரிய வழக்குகளுக்கு மட்டுமே ஜூரி என்று சட்டம் குறுகியது.

எஞ்சிய பத்தாண்டில் எழுவர் சுமந்த சுமை சிறியதன்று. 1963 ஜூலையில் புலாவ் செனாங் தீவின் தடுப்புக் குடியிருப்பில் கலகம் வெடித்து, அதன் கண்காணிப்பாளர் டேனியல் டட்டனும் அதிகாரிகள் மூவரும் கொல்லப்பட்டனர். ஐம்பதுக்கு மேற்பட்டோர் ஒரே வழக்கில் ஒருங்கே நிறுத்தப்பட்டனர். மாதக்கணக்கில் நடந்த விசாரணையில் முகங்களையும் பெயர்களையும் செயல்களையும் பிரித்தறிய வேண்டியிருந்தவர்கள் அதே ஏழு பேர்தான். பதினெண்மர் கொலைக் குற்றவாளிகள் என அவர்கள் முடிவுரைத்தனர். அப்பதினெண்மரும் 1965-இல் தூக்கிலிடப்பட்டனர். ஜூரியினர் தூக்குக்கு அஞ்சிக் குற்றவாளிகளை விட்டுவிடுவர் என்னும் வாதத்தை எண்ணும்போது இவ்வழக்கையும் உடன் எண்ண வேண்டும்.

அந்த வாதம்தான் 1969-இல் நாடாளுமன்றத் தெரிவுக்குழுவின்முன் எழுந்தது. ஜூரியைக் காக்க வந்து நின்றவர் முன்னாள் முதலமைச்சர் டேவிட் மார்ஷல். குற்றவியல் வழக்குகளில் அவருக்கு நிகர் அந்நாளில் அரிது. தாம் வாதாடிய 100 கொலை வழக்குகளில் 99-இல் விடுதலை பெற்றுத் தந்ததாக அவர் கூறியதையும், அந்த 99 பேரும் தவறாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள்தாமா என்று தாம் வினவியதையும், வாதாடுவதே தம் கடமை, மதிப்பிடுவதன்று என அவர் விடையிறுத்ததையும் லீ பதிவு செய்துள்ளார். வினவியவரின் பதிவு இது என்பதை நாம் மறத்தலாகாது. எனினும் மார்ஷலின் அந்த விடை ஒரு வழக்கறிஞர் தரக்கூடிய நேர்மையான விடையே. அவர் பெருமிதத்தோடு சொன்ன எண்ணிக்கையே அவர் காக்க வந்த முறைக்கு எதிரான சான்றாகத் திரும்பியதுதான் அவலம். சட்டம் நிறைவேறியது, எழுவர் இருக்கை காலியாயிற்று. மரண தண்டனை வழக்குகளை இரு நீதிபதிகள் சேர்ந்து விசாரிக்கும் முறை வந்தது. 1992-இல் அதுவும் ஒருவராயிற்று.

வழக்கறிஞர்கள் எதிர்த்தனர், தெருவில் எவரும் திரளவில்லை. தன் மொழியில் என்றும் பேசியிராத ஓர் அவை கலைவதற்காக எளிய மக்கள் ஏன் கண்ணீர் விட வேண்டும்? ஆயினும் மொழி ஒன்றையே காரணமாக்கினால் மலேசியா என்னை மறுக்கும். 1990-க்குப் பின் அங்கு நீதிமன்ற மொழி மலாய். பொதுமக்கள் அறிந்த மொழியிலேயே ஜூரி அமர்ந்திருக்க முடியும். அங்கும் 1995-இல் ஜூரி முறை ஒழிந்தது. சட்டமன்ற உறுப்பினர் ஒருவரைக் கொன்றதற்காக மோனா ஃபெண்டிமீது தெமர்லோவில் நடந்த வழக்கே அந்நாட்டில் ஜூரி அமர்ந்த கடைசி வழக்குகளுள் ஒன்று. அங்கும் முடிவு கூறியவர்கள் எழுவர்.

ஜூரியினர் போய்விட்டனர், மொழிபெயர்ப்பாளர் போகவில்லை. இன்றும் தமிழ்ச் சாட்சி ஒருவர் 'அண்ணன்' என்று சொல்லும்போது, அதற்கு எந்த ஆங்கிலச் சொல்லை இடுவது என்று ஒரு நொடி தயங்க வேண்டியவர் அவர்தான்.