செண்பகத்தோப்பின் சாம்பல் அணில்

மழை அருகிய வறண்ட காற்றையே மூலதனமாகக் கொண்டு தீப்பெட்டியும் பட்டாசும் பெருகிய சிவகாசிப் பிரதேசத்துக்கு மேற்கே, ஸ்ரீவில்லிபுத்தூரையும் ராஜபாளையத்தையும் ஒட்டி உயரும் மலைகளில் அடர்ந்த வனம் ஒன்று இருப்பதும், அது 1988ஆம் ஆண்டில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டபோது அதற்குப் பெயர் தந்தது யானையோ சிறுத்தையோ அன்று, சாம்பல் நிற மலை அணில் என்னும் சாதுவான பிராணியே என்பதும் நம்மவர் பலர் கவனியாத சரித்திரம்.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் இவ்வணில் தரையில் இறங்குவது அரிது. எத்திசையிலும் தாவித் தப்புவதற்கு வசதியாக, கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் மரங்களையே அது கூடு கட்டத் தேர்ந்தெடுக்கிறது. ஆதலால், வரைபடத்தில் வனத்தின் பரப்பு சிறிதும் குறையாதிருக்கையிலும், ஓடைக்கரை மரங்கள் சில வீழ்ந்துவிட்டால் அதன் பாதை அறுந்துபோகிறது. தொகையைக் கணிப்பதும் எளிதன்று. ஓர் அணில் பல கூடுகளைக் கட்டுமாதலின், கண்ட கூடுகளையெல்லாம் எண்ணி அணில்களின் கணக்காகக் காட்டினால் அது பொய்க்கணக்காகும்.

இத்தகைய நுட்பங்களை ஆராய்ந்தவர்களுள் ஏ. ஜே. டி. ஜான்சிங் அவர்களைச் சிவகாசி மறத்தல் ஆகாது. தீப்பெட்டித் தொழிலை இங்கே ஊன்றியவர்களுள் ஒருவரான அய்ய நாடாரின் பெயர் தாங்கிய கல்லூரியில் விலங்கியல் போதித்து வந்த அவர், 1976இல் பந்திப்பூர் சென்று செந்நாய்களை ஆராய்ந்து, பின்னர் டேராடூனிலுள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தில் சேர்ந்தார். வனத்துக்கு நேரும் இடையூறுகள் இவ்வணிலின் வாழிடத்தையும் தொகையையும் எவ்வாறு தாக்குகின்றன என்ற ஆய்வை ஜோஷுவா என்னும் ஆய்வாளருடன் சேர்ந்து 1994இல் வெளியிட்டார். காவலுக்கு ஆள் நிறுத்துவதினும், எதைக் காப்பது என்று முதலில் அறிவதே பெரிது என நான் கருதுவது இத்தகைய உழைப்பைக் கண்டே.

ஏறத்தாழ 485 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இச்சரணாலயம், வைகையின் நீர்ப்பிடிப்பான மேகமலையோடு இணைந்து, 2021இல் நாட்டின் 51ஆவது புலிகள் காப்பகமாயிற்று.

ஆனால் அணில் அரசாங்க எல்லையை அறியாது. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த செண்பகத்தோப்பு என்னும் பகுதியின் அடிவாரத்தில் தனியார் மாந்தோப்புகளுக்கும் புளியந்தோப்புகளுக்கும் அது இரை தேடி வருகிறது. ஆகவே வனத்தைக் கணக்கிடுவோர் தோப்பையும் கணக்கிட்டு, எந்த மரத்தின் கிளை காட்டோடு இணைப்பைத் தாங்கி நிற்கிறது என்று குறித்து, கோடாரி விழுமுன்பே தோப்புக்காரரோடு கலந்து பேச வேண்டியிருக்கிறது.