தைபே – ஷாங்காய் வான்வழி

தைவானின் தலைநகர் தைபேக்கும் சீனாவின் ஷாங்காய்க்கும் இடையே நேர்கோட்டுத் தொலைவு சுமார் 690 கி.மீ. இரண்டும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் உள்ளன; கடிகார நேரமும் ஒன்றே. பயண நேரம் ஒன்றரை முதல் இரண்டு மணி.

இத்தடத்தின் வரலாற்றைத் தீர்மானித்தது தூரமல்ல, அரசியல். 1949இல் சீன உள்நாட்டுப் போரின் முடிவில் தைவான் நீரிணையின் இரு கரைகளும் பிரிந்த பின், பயணிகள் பல பத்தாண்டுகள் ஹாங்காங் போன்ற இடங்களில் விமானம் மாறியே சென்றனர். ஹாங்காங் வழி ஏறத்தாழ 2,000 கி.மீ.; நேர்வழியைப் போல மூன்று மடங்கு. பிரிந்த குடும்பங்களுக்கு இது பெருந்துயரம். 2003 சீனப் புத்தாண்டின் சிறப்பு விமானங்கள்கூட இடையில் தரையிறங்க வேண்டியிருந்தது. 2008 ஜூலையில் வார இறுதிச் சேவை தொடங்கியபோதும் விமானங்கள் ஹாங்காங் வான்பரப்பு வழியே சுற்றிப் பறந்தன. அவ்வாண்டு டிசம்பர் 15 அன்றுதான் நீரிணைக்குக் குறுக்கே நேர்வழி திறந்தது. அதனால் பறக்கும் நேரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்தது.

2010 ஜூன் முதல் நகருக்குள்ளேயே அமைந்த தைபேயின் சோங்ஷான், ஷாங்காயின் ஹோங்சியாவ் விமான நிலையங்களும் இணைக்கப்பட்டுள்ளன.