குழாயும் மழைக்கோட்டும் ஒரே பிளாஸ்டிக்கா? ஒன்று மட்டும் ஏன் வளைகிறது?

தண்ணீர்க் குழாய் விறைப்பாக இருக்கும். மழைக்கோட்டை மடித்துப் பைக்குள் திணிக்கலாம்.

இரண்டுமே பிவிசி பிளாஸ்டிக்காக இருக்கலாம் என்றால் நம்புவீர்களா?

வித்தியாசம், அதில் கலக்கப்படும் குட்டி மூலக்கூறுகளில்தான்.

உள்ளே என்ன நடக்குது?

பிவிசி ஒரு பாலிமர். தட்டில் உள்ள நூடல்ஸ்போல் அதன் நீண்ட சங்கிலிகள் பின்னிக் கிடக்கும். சுமார் 80 டிகிரி செல்சியசுக்குக் கீழ் அவற்றால் எளிதில் அசைய முடியாது.

ஆறிக் கட்டியாகிப்போன நூடல்ஸில் கொஞ்சம் எண்ணெய் விட்டுக் கிளறினால்? உதிரியாகிவிடும்.

'நெகிழ்வூட்டி' எனும் குட்டி மூலக்கூறுகளும் அப்படித்தான். சங்கிலிகளுக்கு இடையே புகுந்து விலக்கிவிடும். போதிய அளவு சேர்த்தால், அந்த 80 டிகிரி வரம்பு அறை வெப்பநிலைக்கும் கீழே இறங்கும்.

பாதி ரப்பர், பாதி தேன்

பாலிமர்களுக்கு இரண்டு குணம். சட்டென்று இழுத்தால் ரப்பர்போல் திரும்பும். பாரத்தை வெகுநேரம் தொங்கவிட்டால் தேன்போல் மெதுவாக நகரும். நெகிழ்வூட்டி கூடக்கூட, சங்கிலிகள் வழுக்கி நகர்வது சுலபமாகும்.

மொறுமொறு முறுக்கு நமத்துப்போவதும் இதே கதைதான்! அங்கே பாலிமர், மாவிலுள்ள மாச்சத்து. நெகிழ்வூட்டி, காற்றிலுள்ள ஈரம்.

யார் கண்டுபிடித்தது?

1926இல் அமெரிக்க வேதியியலாளர் வால்டோ சீமன். அவர் தேடியதோ ரப்பரை உலோகத்தில் ஒட்டும் பொருளை. கிடைத்ததோ வளையும் பிவிசி!

அப்போ பிரச்சினை என்ன?

இந்த மூலக்கூறுகள் சங்கிலியோடு பிணைக்கப்படவில்லை. உள்ளே போனது வெளியேயும் வரலாம். அதனால்தான் சில பழைய பைகள் பிசுபிசுக்கும், பிறகு விறைத்து வெடிக்கும்.

டிஇஎச்பி போன்ற சில தாலேட் நெகிழ்வூட்டிகள் இனப்பெருக்க ஆரோக்கியத்தைப் பாதிக்கக்கூடும். குழந்தைகள் பொம்மையை வாயில் வைப்பார்கள் அல்லவா? அதனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் பொம்மைகளின் பிளாஸ்டிக்கில் அவை 0.1 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது.

ஆனால் ரத்தப் பைகளில் டிஇஎச்பி பல்லாண்டாகப் பயன்படுகிறது. பையிலிருந்து கசியும் டிஇஎச்பி, சிவப்பணுக்கள் சிதையாமல் இருக்க உதவுகிறது. மாற்று தேடுவது சிரமமானதற்கு அது ஒரு காரணம்.

நாம் என்ன செய்யலாம்?

• பிசுபிசுக்கும் பழைய பொம்மைகளைக் குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள்.

• எண்ணெய்ப் பலகாரங்களை மென்மையான பிவிசியில் சுற்றாதீர்கள். எண்ணெய் நெகிழ்வூட்டியை இழுத்துக்கொள்ளும்.

• வளையும் பிவிசி பொருள்களை வெயிலில் போடாதீர்கள். சூட்டில் கசிவு அதிகமாகும்.