ஒரு குடும்பப்பெயர், பல பாட்டிகள்: டார்ட்டன் துணியும் கலப்பு மரபினரின் தேர்வும்

1815ஆம் ஆண்டில் இலண்டன் ஹைலாந்து சங்கம் ஸ்காட்லாந்தின் குலத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தது. ஒவ்வொருவரும் தம் குலத்துக்குரிய டார்ட்டன் துணியில் ஒரு துண்டை எடுத்து, கையொப்பமும் முத்திரையும் இட்டு அனுப்பிவைக்க வேண்டும் என்பதே அது. பாவிலும் ஊடையிலும் ஒரே வண்ண வரிசையை ஓடவிட்டு நெய்யப்படும் கட்டம் போட்ட கம்பளித் துணியே டார்ட்டன். ஹைலாந்து ஆடவர் இடுப்பில் கொசுவம் வைத்து உடுத்தும் கில்ட் இத்துணியால் ஆனது. வேண்டுகோளைப் பெற்றவர்களுள் சிலர் திகைத்துப்போயினர். ராபர்ட்சன் குலத்தின் தலைவர், தம் குலத்து முதியவர்களை விசாரித்தார். ஆளுக்கொரு கட்டத்தைச் சொன்னார்கள். ‘எங்கள் கட்டம் எது?’ என்ற ஐயம், கலப்பு மரபினருக்கு வருவதற்கு வெகுமுன்பே குலத் தலைவர்களுக்கு வந்துவிட்டது.

இன்று அந்த ஐயம் வேறொரு வடிவில் எழுகிறது. ஒருவருடைய தந்தைவழிப் பாட்டனார் ஸ்காட்லாந்துக்காரர். தந்தைவழிப் பாட்டி வங்காளி. தாய்வழியில் ஒருவர் அயர்லாந்து, மற்றொருவர் நேபாளம். திருமணத்துக்கோ நினைவு விழாவுக்கோ கில்ட் அணிய விரும்பும் அவர், எந்தக் கட்டத்தைத் தேர்வது? கடைக்காரர் முதலில் கேட்பது குடும்பப்பெயரை. பெயரைச் சொன்னால் அகரவரிசைப் பட்டியலில் விரலை ஓட்டி ஒரு குலத்தைக் காட்டிவிடுவார். நால்வரில் மூவர் அந்த விரலுக்கு அகப்படுவதில்லை.

பட்டியலின் வயதை முதலில் பார்க்கவேண்டும். கட்டத் துணி பழையது என்பதில் ஐயமில்லை. ஃபால்கிர்க்கில் நாணயப் புதையல் இருந்த குடத்தின் வாயை அடைத்திருந்த துணித் துண்டு கி.பி. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கிளென் அஃப்ரிக் சதுப்பில் கிடைத்த துண்டு 16ஆம் நூற்றாண்டினது என 2023இல் அறிவிக்கப்பட்டது. 1983இல் வெளிவந்த புகழ்பெற்ற கட்டுரையில் ஹியூ டிரெவர்-ரோப்பர் ஹைலாந்து மரபையே ‘கண்டுபிடிப்பு’ என்று எள்ளியது, இந்த நெசவுத் தொன்மையைக் கணக்கில் கொள்ளாத மிகைப்பேச்சு. ஆனால் குலத்துக்கொரு கட்டம் என்ற விதி புதியது என்ற அளவில் அவர் சொன்னது நிற்கும். 1745ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைச் சித்திரித்த டேவிட் மோரியரின் ஓவியத்தில் எட்டு ஹைலாந்து வீரர்கள் போரிடுகிறார்கள். அவர்கள் உடம்பில் இருபதுக்கும் மேற்பட்ட கட்டங்கள். ஒரே ஆள் மேலாடைக்கு ஒன்றும் கில்ட்டுக்கு ஒன்றும் காலுறைக்கு வேறொன்றும் அணிந்திருக்கிறான். குல அடையாளம் தேடி அந்த ஓவியத்தை நோக்குபவர் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

கிளர்ச்சி அடக்கப்பட்டபின், 1746ஆம் ஆண்டுச் சட்டம் ஹைலாந்து ஆடவருக்கு இவ்வுடையைத் தடை செய்தது. அரசின் படையில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. 1782இல் தடை நீங்கும்வரை டார்ட்டன் பெரிதும் படையுடையாகவே வாழ்ந்தது. அந்தப் படைகளுக்குத் துணி வழங்கி வளர்ந்தது பன்னாக்பர்னில் இருந்த வில்சன் நிறுவனம். அவர்களுடைய மாதிரி ஏடுகளே டார்ட்டன் வரலாற்றின் மிக நேர்மையான ஆவணங்கள் எனலாம். அவற்றில் பெருமிதம் இல்லை, கணக்கு மட்டுமே உண்டு. பல கட்டங்கள் எண்ணால் குறிக்கப்பட்டன. சில, நகரங்களின் பெயரைத் தாங்கின. வாங்குவோர் விருப்பத்துக்கேற்பப் பெயர்கள் மாறின.

43ஆம் எண் கட்டத்தின் கதை இதற்குச் சான்று. அது ‘கலிடோனியா’ என்றும் வழங்கியது. மேற்கிந்தியத் தீவுகளில் இருந்த தம் அடிமைகளுக்கு உடுத்தக் கிட் என்பவர் அதை மொத்தமாக வாங்கியதால் ‘கிட்’ என்ற பெயரும் பெற்றது. பின்னர் அதே கட்டம் மெக்ஃபர்சன் குலத் தலைவருக்கு விற்கப்பட்டு ‘மெக்ஃபர்சன்’ ஆயிற்று. ஒரே தறியில் இறங்கிய துணி ஒருவனுக்கு அடிமைச் சீருடை, மற்றொருவருக்குக் குலப்பெருமை. (அதே தீவுகளுக்குச் சோழமண்டலக் கரையின் கட்டம் போட்ட பருத்திக் கைக்குட்டைகளும் சென்றன, அங்குள்ள பெண்களின் தலைக்கட்டு இன்றும் ‘மெட்ராஸ்’ எனப்படுகிறது. மெட்ராஸ் கட்டமே ஸ்காட்லாந்துப் படையினரைப் பார்த்துச் செய்தது என்று ஆடை விளம்பரங்கள் சொல்வதுண்டு. பழவேற்காட்டுக் கட்டத் துணி, ஹைலாந்துப் படைகள் இந்தியாவில் கால்வைப்பதற்கு முன்பே கடல் கடந்துகொண்டிருந்தது.)

1822 ஆகஸ்டில் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தார். வால்டர் ஸ்காட் ஏற்பாடு செய்த வரவேற்பில் தலைவர்கள் அனைவரும் தத்தம் கட்டத்தில் வரவேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டது. பன்னாக்பர்னின் தறிகளுக்கு ஓய்வில்லை. 1842இல் ‘வெஸ்டியாரியம் ஸ்கோட்டிகம்’ என்ற நூல் வெளிவந்து, பழஞ்சுவடி ஒன்றை ஆதாரமாகக் காட்டி 75 கட்டங்களை வரையறுத்தது. கில்ட் உடுத்தும் வழக்கமே இல்லாத தெற்குத் தாழ்நிலக் குடும்பங்களுக்கும் அதில் கட்டம் கிடைத்தது. அந்தச் சுவடியை எவரும் கண்டதில்லை. நூலை வெளியிட்ட ஆலன் சகோதரர்கள், தம்மை ஸ்டூவர்ட் இளவரசரின் பேரர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள். பிறருக்குக் கட்டம் அளிக்குமுன் தமக்கே ஒரு வம்சத்தை இயற்றிக்கொண்டார்கள். 1896இல் ஃபிராங்க் ஆடம் வெளியிட்ட நூலின் தலைப்பே ‘என் டார்ட்டன் எது?’ என்பதுதான். எந்தக் குலத்தையும் சேராத குடும்பப்பெயர்களை ஏதேனும் ஒரு குலத்தின் கிளையாகச் சேர்த்துவைத்த பட்டியல் அது. கடைக்காரரின் விரல் ஓடுவது இத்தகைய பட்டியல்களின் வழித்தோன்றல்கள் மீதுதான்.

ஆகவே கலப்பு மரபினர் ஒருவர் கட்டத்தைத் தாமே தேர்ந்தால் தொன்மையான விதி எதுவும் முறிவதில்லை. ஆனால் ‘எல்லாம் புனைவு, பிடித்ததை உடுத்தலாம்’ என்று அங்கேயே நின்றுவிடுவது சோம்பல். பட்டியல் குடும்பப்பெயரைக் கேட்கிறது. குடும்பப்பெயர் தந்தை வழியாக வருகிறது. யார் நினைக்கப்படுகிறார், யார் விடுபடுகிறார் என்பது அந்த முதல் கேள்வியிலேயே முடிவாகிவிடுகிறது.

இந்தியாவில் ஸ்காட்லாந்துக்காரர்களுக்குப் பிறந்த பிள்ளைகளின் வரலாற்றில் இது கண்கூடு. ஹைதராபாத்தில் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த ஜேம்ஸ் அகிலீஸ் கிர்க்பாட்ரிக்குக்கும் கைருன்னிசாவுக்கும் பிறந்த குழந்தைகள் இருவர்: சாஹிப் ஆலம், சாஹிப் பேகம். 1805இல் சென்னையிலிருந்து கப்பலேற்றப்பட்ட அவர்கள், இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்று வில்லியம் ஜார்ஜ் கிர்க்பாட்ரிக், கேத்தரின் அரோரா கிர்க்பாட்ரிக் ஆயினர். தந்தை அதே ஆண்டில் கல்கத்தாவில் இறந்தார். தாயை அவர்கள் மறுபடி பார்க்கவேயில்லை. நடுவயதில் கேத்தரின், ஹைதராபாத்தில் உயிரோடிருந்த தம் பாட்டி ஷரஃபுன்னிசாவுடன் கடிதத் தொடர்பு கொண்டார். ‘கிர்க்பாட்ரிக்’ என்ற பெயரைக் கொண்டு தேடினால் ஸ்காட்லாந்தின் எல்லைப்புறத்துக்குப் போய்ச் சேரலாம். அந்தப் பாட்டியிடம் போய்ச் சேர வழியில்லை.

கைருன்னிசாவுக்கு உயர்குடிப் பிறப்பு இருந்தது, ஆதலால் பெயரும் எஞ்சியது. தேயிலைத் தோட்டங்களில் நிலை வேறு. ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஜான் ஆண்டர்சன் கிரஹாம் 1900இல் காலிம்போங்கில் நிறுவிய இல்லங்களில், தோட்டத்துரைமாருக்கும் உள்ளூர்ப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகள் வளர்க்கப்பட்டனர். 1908 முதல் 1938 வரை அவர்களுள் பலர் நியூசிலாந்துக்கு அனுப்பப்பட்டனர். தந்தையின் பெயர் உடன் சென்றது. தாயின் மொழியும் ஊரும் உறவும் மலையிலேயே தங்கிவிட்டன. அத்தகைய ஒருவரின் பேத்தி தம் குடும்பப்பெயருக்குரிய டார்ட்டனை அணிந்தால், எந்தப் பாதி மறைக்கப்பட்டதோ அதே பாதி இன்னொரு முறை மறைகிறது.

இந்தக் கண்ணோட்டம் துணிக்கடையோடு நிற்பதன்று. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டமும் அதனைப் பின்பற்றிய நம் அரசியலமைப்பின் 366(2)ஆம் உறுப்பும் ‘ஆங்கிலோ-இந்தியர்’ என்பவரை வரையறுக்கையில், தந்தையோ தந்தைவழியில் வந்த ஆண் மூதாதையருள் ஒருவரோ ஐரோப்பிய வம்சாவளியினராக இருத்தல் வேண்டும் என்கின்றன. ஐரோப்பியப் பாட்டி ஒருத்தியால் எவரும் ஆங்கிலோ-இந்தியர் ஆகிவிட முடியாது.

இனித் தேர்வுக்கு வருவோம். தாய்வழிக் குலத்தின் கட்டத்தை அணிவதற்குச் சட்டத் தடை எதுவும் இல்லை. அரச குடும்பத்தினருக்கென ஒதுக்கப்பட்ட பால்மோரல் போன்றவையும் வழக்கத்தால் காக்கப்படுபவையே. குலத்தை விடுத்து, மூதாதையர் புறப்பட்ட வட்டாரத்தின் கட்டத்தை நாடுவோர் உண்டு. தாயின் பெயர் பதிவாகாவிட்டாலும் ஊர் தெரிந்திருக்கும் குடும்பங்களுக்கு இது பொருந்தும், ஆனால் ஸ்காட்லாந்து ஊராக இருந்தால் மட்டுமே. ‘பிளாக் வாட்ச்’, ‘ஹண்டிங் ஸ்டூவர்ட்’ போன்ற பொதுக் கட்டங்கள் எவருக்கும் உரியவை எனப்படுகின்றன. முதலாவது அரசுப் படையின் கட்டம். அதைப் பொதுவானது என்று ஏற்பதும் ஏற்காததும் அணிபவரின் வரலாற்றைப் பொறுத்தது.

புதிதாக ஒன்றை வகுத்துப் பதிவு செய்வது கடைசி வழி. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2009இல் தொடங்கிய ஸ்காட்லாந்து டார்ட்டன் பதிவேடு இதற்கு இடமளிக்கிறது. அதற்கு முன்பே, 1999இல், லெஸ்மஹாகோவில் வாழ்ந்த இக்பால் சிங் ‘சிங்’ டார்ட்டனை உருவாக்கியிருந்தார். இது உண்மையிலேயே சிந்திக்கத்தக்கது. சாதியையும் வம்சத்தையும் காட்டும் பெயர்களைக் கைவிட்டு எல்லா ஆண்களும் ஏற்கவேண்டிய பெயராகச் சீக்கிய மரபு அளித்தது ‘சிங்’. வம்சத்தைத் துறக்கும் பெயரொன்று வம்சத் துணியின் இலக்கணத்துக்குள் புகுந்தபோது, அந்த இலக்கணமே சற்று நெகிழ்ந்தது. சீக்கியப் பெண்களின் பெயரான ‘கௌர்’ அதன் தலைப்பில் இல்லை.

புதிய கட்டத்தில் இழை எண்ணிக்கையைத் தீர்மானிப்பவர் அணிபவரே. பாட்டியின் மலைக்கு எத்தனை பச்சை இழை, பாட்டனாரின் பெயருக்கு எத்தனை நீலம் என்று அவர் கணக்கிடலாம். ஊடையும் பாவும் குறுக்கிடும் இடத்தில் இரு வண்ணமும் கலந்து, தறியில் ஏற்றாத மூன்றாவது நிறம் ஒன்று தானே தோன்றும்; டார்ட்டன் நெசவின் இயல்பு அது. ஆனால் மரபான கில்ட் ஒன்றுக்கு எட்டு கெஜம் துணி வேண்டும். ஒரே ஆளுக்காக அத்தனை கெஜத்தைத் தனியே நெய்விப்பது செலவு மிகுந்த காரியம். விலையைக் கேட்டபின் பெரும்பாலோர் மறுபடி அகரவரிசைப் பட்டியலுக்கே திரும்புகின்றனர்.