வளரி போன வழி

வளரி பிறந்தது போருக்காக அல்ல, வேட்டைக்காக. வைரம் பாய்ந்த கட்டையைப் பிறை வடிவில் செதுக்குவார்கள். ஒரு முனை கனத்திருக்கும், மறுமுனை மெலிந்திருக்கும். மெலிந்த முனையைப் பிடித்துத் தோளுக்கு மேலே சில சுற்றுச் சுற்றி வீசினால், சுழன்றபடியே போய் ஓடும் முயலைச் சாய்த்துவிடும். வளைதடி என்றும் இதற்குப் பெயர் உண்டு. இரும்பில் செய்த வளரியும் இருந்தது. அரண்மனைக்கென்று தந்தத்தில் செய்ததும் இருந்தது. சிவகங்கை, இராமநாதபுரம், மதுரை, புதுக்கோட்டைச் சீமைகளில் கள்ளர், மறவர் வீடுகளில் அது அன்றாடப் பொருள்.

அந்த வீட்டுக்காரனே பாளையத்தின் படைவீரனும். பாளையத்தில் படை என்பது தனியாகக் கொட்டகை போட்டு உட்கார்ந்திருந்த கூட்டம் அல்ல. மானிய நிலத்தை உழுவான், ஊர்க்காவல் பார்ப்பான், அழைப்பு வந்தால் ஆயுதத்தோடு போவான். முயலுக்கு எறிந்த வளரியே எதிரியின் மீதும் பாய்ந்தது. நிலம், காவல், படை மூன்றும் ஒரே வாழ்க்கையின் மூன்று முகங்களாக இருந்தன. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1795இல் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற இளம் ஆங்கிலேய அதிகாரி மதுரைப் பக்கம் வந்தார். சிவகங்கைச் சீமையின் சிறுவயலில் இருந்த சின்ன மருது அவருக்கு நண்பரானார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று வெல்ஷ் தம் நினைவுக்குறிப்புகளில் எழுதியிருக்கிறார். தேர்ந்தவன் கையில் நூறு கஜத்துக்குள் அது குறி தப்பாது என்பதும் அவர் எழுதியதே. இப்படி ஓர் ஆங்கிலேயர் கைக்கும் வளரி போனது, நட்பின் அடையாளமாக.

ஆறு ஆண்டில் எல்லாம் மாறியது. ஆங்கிலேயரை எதிர்த்துச் சின்ன மருது விடுத்த, 1801 ஜூன் 16 தேதியிட்ட ஜம்புத் தீவுப் பிரகடனம் திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கம் கோயிலிலும் ஒட்டப்பட்டது. கிழக்கிந்தியக் கும்பினியின் கர்னல் அக்னியூ நடத்திய படை சிறுவயலிலிருந்து காளையார்கோயிலுக்குக் காட்டை வெட்டிச் சாலை போட முயன்று தோற்றது. வேறு வழியாக வந்து அக்டோபர் 1ஆம் தேதி காளையார்கோயிலைப் பிடித்தது. அந்தப் படையில் வெல்ஷும் இருந்தார். அக்டோபர் 24ஆம் தேதி மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள்.

அதே ஆண்டு ஜூலை 31இல் ஆர்க்காட்டு நவாபோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தால் கர்நாடகத்தின் ஆட்சி முழுவதும் கும்பினியின் கைக்குப் போயிருந்தது. எங்கள் ஊர்ப்பக்கமான கம்மாபுரமும் விருத்தாசலமும் அதில் அடக்கம். இங்கே கையெழுத்திலும் சிவகங்கையில் ரத்தத்திலும் கைமாற்றம் நடந்தது.

1801 டிசம்பர் 1ஆம் தேதி சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிக்கை வெளியிட்டார். தென்சீமையில் இனி யாரும் ஆயுதம் தரிக்கக் கூடாது, கோட்டைகள் இடிக்கப்படும், அடங்கி நடப்போருக்கு நிலையான வரித்திட்டம் வரும் என்பது அதன் சாரம். இன்று ஐக்கிய நாடுகள் சபை இது போன்ற வேலையை மூன்றாகப் பிரிக்கிறது: ஆயுதம் வாங்குவது, படையைக் கலைப்பது, போராடியவரைக் குடிவாழ்க்கையில் சேர்ப்பது. கும்பினி முதல் இரண்டையும் கச்சிதமாகச் செய்தது. மூன்றாவதை ஜமீன்தாருக்கு மட்டும் செய்தது. 1803இல் சிவகங்கை, இராமநாதபுரம் ஜமீன்களுக்கு நிரந்தர உரிமைச் சாசனம் வந்தது. ஈட்டியும் வளரியும் ஏந்தி நின்றவனுக்கு அப்படியொரு காகிதம் வரவில்லை. படைக்கு ஈடாக அனுபவித்த நிலத்துக்குப் படை போனதும் நியாயம் போயிற்று. பாளையக்காரரின் காவல் உரிமையையும் கும்பினி பறித்தது. ஆயுதத்தோடு பிழைப்பும் மரியாதையும் சேர்ந்தே போயின.

போரில் பிடிபட்டவர்களில் எழுபதுக்கும் மேற்பட்டோர் 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி அப்போது பதின்வயதுப் பையன். 1818இல் வெல்ஷ் பினாங்கில் பணியிலிருந்தபோது, தளர்ந்துபோன கிழவர் ஒருவர் அவர் முன் வந்து நின்றார். பேர் கேட்டதும்தான் அது துரைச்சாமி என்று தெரிந்தது. கணக்குப்படி அவருக்கு முப்பதைச் சற்றுத் தாண்டியிருக்க வேண்டும். அப்பனிடம் வளரி கற்றவரின் எதிரில் மகன் நின்ற அந்த நிலையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. போர் முடிந்து பதினேழு ஆண்டாகியும் அந்தப் பையனுக்கு அது முடியவில்லை.

ஆனால் வளரி தனக்கொரு வழி தேடிக்கொண்டது. தஞ்சை அரண்மனை ஆயுதசாலையில் இருந்த தந்த வளரிகள் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. அங்கே கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட நூலில் வளரியைப் பற்றி விரிவாக எழுதினார். கள்ளர் திருமணத்தில் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் வளரி மாற்றிக்கொள்ளும் வழக்கத்தையும் அதில் பதிந்திருக்கிறார். சில ஊர்களில் அது காவல் தெய்வத்தின் கைக்குப் போனது. எங்கள் பக்கத்து ஐயனார் கோயில்களில் வேலும் அரிவாளும் நட்டிருப்பதைப் போல. கொல்லப் பயன்பட்ட கட்டை, கல்யாணத்துக்கும் கும்பிடுக்கும் கண்காட்சிக்கும் வந்து சேர்ந்துவிட்டது. ஆயுதத்துக்குக் குடிவாழ்க்கை கிடைத்தது.

அதை ஏந்தியவனின் பேரப்பிள்ளைகளுக்கு அது கிடைக்கவில்லை. 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் நடைமுறைக்கு வந்தபோது, மதுரைப் பக்கத்துக் கள்ளர்கள் பிறப்பாலேயே குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். அந்தச் சட்டத்தில் சிக்கிய பல சாதிகளில் அவர்களும் ஒரு சாதி. கைரேகை வைக்க வேண்டும், இரவில் காவல்நிலையத்தில் படுக்க வேண்டும், வெளியூர் போக அனுமதிச் சீட்டு வேண்டும். இதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி போலீஸ் சுட்டதில் பதினாறு பேர் செத்தார்கள். 1947இல்தான் மாகாணத்தில் அந்தச் சட்டம் நீங்கியது. 1801க்கும் 1911க்கும் நடுவே எத்தனையோ காரணங்கள் உண்டு. எல்லாவற்றையும் ஒரே அறிக்கையின் மேல் சுமத்தவில்லை. ஆனால் காவல்காரனாக இருந்தவனின் காவலைப் பறித்து, மாற்றுப் பிழைப்பும் கொடுக்காமல் விட்ட அரசு, பிற்பாடு அவன் சந்ததியையே சந்தேகப் பட்டியலில் எழுதியது என்பது வரலாறு.

இந்தப் பாடத்தை நாம் படிக்கவில்லை. 1987 ஜூலை 29இல் கையெழுத்தான இந்திய இலங்கை ஒப்பந்தம், மோதல் நிறுத்தம் வந்த 72 மணி நேரத்துக்குள் ஆயுத ஒப்படைப்பு முடிய வேண்டும் என்றது. போராளி இளைஞர்களுக்கு மறுவாழ்வு அளிக்கச் சிறப்பு முயற்சி எடுக்கப்படும் என்றும் அதில் ஒரு வரி இருந்தது. ஆகஸ்ட் 5ஆம் தேதி பலாலியில் விடுதலைப் புலிகளின் சார்பில் யோகி ஒரு கைத்துப்பாக்கியை இலங்கைப் பாதுகாப்புச் செயலர் ஜெனரல் ஆட்டிகலையிடம் ஒப்படைத்தார். அக்டோபர் 10ஆம் தேதி மீண்டும் போர். மூன்று நாளில் ஆயுதத்தை வாங்க நினைத்தார்கள். நம்பிக்கை அவ்வளவு சீக்கிரம் விளைவதில்லை. 2009இல் போர் முடிந்த பிறகு சுமார் 12,000 முன்னாள் போராளிகள் இலங்கை அரசின் புனர்வாழ்வு முகாம்களைக் கடந்து வந்தார்கள். தையலும் தச்சும் கற்றுக்கொடுத்தார்கள்; சான்றிதழ் கொடுத்தார்கள். வெளியே வந்த பிறகும் பலரை விசாரணை விடவில்லை. வேலை கொடுக்க ஊர் தயங்கியது. பெண் போராளிகள் சொந்தச் சனத்தின் பார்வையையும் தாங்க வேண்டியிருந்தது.

நேபாளத்தில் வேறு விதமாகச் செய்து பார்த்தார்கள். 2007இல் மாவோயிஸ்டுகளின் ஆயுதங்களைப் பெட்டகங்களில் பூட்டி ஐ.நா. கண்காணித்தது. சாவியை மாவோயிஸ்டுகளிடமே விட்டார்கள். ஐ.நா. சரிபார்த்த 19,602 போராளிகளில் பெரும்பாலோர் கடைசியில் பணம் பெற்றுக்கொண்டு விலகினார்கள். சிறு பகுதியினர் தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். குறைகள் நிறைய இருந்தன. போர் மட்டும் திரும்பவில்லை. ஆயுதத்தைக் கீழே வைப்பவனை அவமானப்படுத்தாமல் வைக்கச் சொல்ல முடியும் என்பதற்கு அந்தச் சாவி சான்று.

ஆயுதம் ஒப்படைக்கும் நாளில் படம் எடுக்கிறார்கள், கை குலுக்குகிறார்கள், செய்தி போடுகிறார்கள். அந்த வேலை நிறைவேறியதா என்று பார்க்க வேண்டிய நாள் அதுவல்ல. பத்தாண்டு கழித்துப் போய்ப் பார்க்க வேண்டும். உழவோ தொழிலோ கைக்கு வந்ததா, ராத்திரியில் கதவைத் தட்டும் போலீஸ் நின்றதா, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது அப்பன் பேரை நிமிர்ந்து சொல்ல முடிகிறதா என்று கேட்க வேண்டும். மூன்றுக்கும் ஆம் என்று பதில் வந்தால்தான் போர் முடிந்தது என்று அரசு சொல்லலாம்.