என்றும் ஐம்பத்து நான்கு

வீட்டுக்குள்ளே நடக்கிறதைக் காட்டிச் சிரிக்க வைக்கிற தொலைக்காட்சித் தொடர் வெறும் பொழுதுபோக்கா, வாழ்ந்த காலத்தின் வரலாறா? இதுதான் இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய பேராசிரியை அம்மையார் ஒரே போடாகப் போட்டுட்டுப் போனாங்க. "மாமியார் காப்பியில் சர்க்கரை கம்மின்னு சொன்னதும், மருமகன் குடையை மறந்துட்டு வந்ததும் எப்படி அய்யா வரலாறாகும்? வரலாறுன்னா பானிப்பட்டுப் போர்!" என்றார்கள். கைதட்டலும் வாங்கிட்டாங்க. அம்மா, பானிப்பட்டிலே சண்டை போட்ட சிப்பாயும் அன்றைக்குக் காலையிலே ஏதோ சாப்பிட்டுத்தானே போயிருப்பான்? யார் சமைத்தது, என்ன விலைக்கு வாங்கியது, வீட்டிலே அரிசி இருந்ததா? இதை எழுதி வைக்க ஆளில்லாமல் போனதாலே அது வரலாறு இல்லை என்று ஆகிவிடுமா?

நான் உங்களை ஜப்பானுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். டிக்கெட் செலவு இல்லை. ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்பீர்கள். உலகத்திலேயே மிக நீண்ட காலமாக ஓடுகிற கார்ட்டூன் தொடர் என்று கின்னஸ் புத்தகத்திலே 2013-இல் ஏறிய தொடர் அங்கேதான் இருக்கிறது. அதிலே ராட்சசன் இல்லை, விண்கலம் இல்லை, கொலை இல்லை. ஒரு நடுத்தரக் குடும்பம் இருக்கிறது. அவ்வளவுதான். பெயர் 'சசாயே சான்'. 'சான்' என்பது நாம் பெயரோடு அம்மா, அய்யா என்று சேர்க்கிற மாதிரி ஒரு மரியாதைச் சொல். 1969 அக்டோபர் 5, ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறரை மணிக்குத் தொடங்கியது. அன்று முதல் ஞாயிறுதோறும் அதே ஆறரைதான். 1979 செப்டம்பரில் ஒரு நாள், தோக்கியோ வட்டாரத்திலே நூற்றுக்கு 39 வீட்டிலே இதைத்தான் பார்த்தார்கள்.

சரி, யார் இந்தக் குடும்பம்? அப்பா நமிஹெய், அலுவலகம் போகிறவர், வயது 54. தலையின் உச்சியிலே ஒரே ஒரு முடி. (சிரிப்பு) நடுவர் அவர்கள் தலையைத் தடவ வேண்டாம், நான் ஜப்பான்காரரைச் சொல்றேன். அம்மா ஃபுனே. மூத்த மகள் சசாயே, வயது 24. அவசரக் குடுக்கை. செருப்பு மாட்டாமல் தெருவுக்கு ஓடி, கடைக்குப் போனபிறகு பணப்பையைத் தேடுகிற ரகம். அவள் புருஷன் மசுவோ. அவர்களுக்கு மூன்று வயதிலே ஒரு பையன், தாரா. சசாயேக்கு ஒரு தம்பி கட்சுவோ, வயது 11. ஒரு தங்கை வகாமே, வயது 9. ஒரு பூனை. எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே.

தமிழ் வாத்தியாருக்கு முதலில் பிடித்தது அந்தப் பெயர்கள்தான். சசாயே என்றால் சங்கு மாதிரி சுருண்ட ஓடு உள்ள ஒரு கடல் நத்தை. ஃபுனே என்றால் படகு. நமிஹெய்யிலே இருக்கிற 'நமி' அலை. வகாமே கடற்பாசி. மசுவோவும் தாராவும் மீன்கள். கட்சுவோ என்பது நம்ம தூத்துக்குடிப் பக்கம் சொல்கிற சூரை மீன் வகை. மாசிக் கருவாடு போடுவார்களே, அதே மீன். ஆக மொத்தம் சுத்தமான நெய்தல் திணைக் குடும்பம்! இதை வரைந்த அம்மையார் மச்சிகோ ஹசெகாவா, ஃபுகுவோகா கடற்கரையிலே நடந்து போகும்போது யோசித்து வைத்த பெயர்கள்.

இப்போது மூன்று வயதுப் பேரனையும் பதினோரு வயதுப் பையனையும் முறை போட்டுப் பாருங்கள். பதினோரு வயது வாண்டு, மூன்று வயது வாண்டுக்குத் தாய்மாமன்! நம்ம ஊராக இருந்தால் காதுகுத்துக்கு மடியிலே உட்கார வைக்க வேண்டும். அங்கே அந்தப் பிள்ளை மாமனை 'அண்ணா' என்று கூப்பிடுகிறான், ஒன்பது வயதுச் சித்தியை 'அக்கா' என்கிறான். இன்னொன்று கவனிச்சீங்களா? மாப்பிள்ளை மசுவோ மாமனார் வீட்டிலே இருக்கிறார். வீட்டோட மாப்பிள்ளை! ஆனால் ஜப்பானிலே மாமனார் வீட்டுக் குடும்பப் பெயரை ஏற்றுக்கொண்டு தத்து மாதிரிப் போகிற வழக்கம் ஒன்று உண்டு. இவர் அப்படிப் போகவில்லை. தன் பெயரை வைத்துக்கொண்டார். அதனால் ஒரே வீட்டிலே இரண்டு குடும்பப் பெயர். ஏன் வந்து சேர்ந்தார் தெரியுமா? தனியாக வாடகைக்குத்தான் இருந்தார்கள். அடுப்பெரிக்க விறகில்லை என்று வீட்டுக்காரரின் வேலியை அறுத்துவிட்டார். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார்.

இதிலே சிரிப்பு எங்கே, வரலாறு எங்கே? வேலியை அறுத்தது சிரிப்பு. விறகில்லை என்பது வரலாறு.

தொலைக்காட்சிக்கு வருவதற்கு முன்னாலே இந்தக் குடும்பம் செய்தித்தாளிலே பிறந்தது. தேதி கேளுங்கள்: 1946 ஏப்ரல் 22. தோற்றுப்போன நாடு. அதற்கு முந்தைய ஆண்டு ஜூன் 19-ஆம் தேதி இரவு ஃபுகுவோகா நகரம் குண்டுவீச்சிலே எரிந்தது. அந்த நகரத்துப் பத்திரிகையிலேதான், நான்கே கட்டத்திலே, சசாயே முதன்முதலாக வந்தாள். இன்னொரு தேதியும் சொல்றேன். 1946 ஏப்ரல் 10: ஜப்பானியப் பெண்கள் முதன்முதலாகப் பொதுத்தேர்தலில் வாக்களித்த நாள். 39 பெண்கள் நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். பன்னிரண்டே நாள் கழித்து, பயப்படாத, வாய்விட்டுச் சிரிக்கிற, அப்பாவிடம் எதிர்த்துப் பேசுகிற ஒரு பெண் செய்தித்தாளிலே வந்து நிற்கிறாள். இது திட்டம் போட்டு வந்ததல்ல, தானாக அமைந்தது. அதனாலேயே எனக்கு அது பெரிதாகப் படுகிறது.

அந்தத் தொடக்க காலப் படங்களிலே ரேஷன் வரிசை இருக்கிறது, உணவுத் தட்டுப்பாடு இருக்கிறது, தெருவிலே அமெரிக்கச் சிப்பாய் இருக்கிறான். பசியை வைத்துக்கொண்டு சிரிக்க வைத்திருக்கிறார் அந்த அம்மா. 1949 முதல் 'அசாஹி' நாளிதழ். 1974 பிப்ரவரியிலே நிறுத்தும்போது ஆறாயிரத்துக்கும் மேலே போய்விட்டது கணக்கு. ரேஷன் போய், மின்சாரச் சலவை யந்திரம் வந்து, தொலைக்காட்சிப் பெட்டி வந்து, மோட்டார் கார் வந்து, ஒரு நாடு எழுந்து நின்ற கதை முழுவதும் ஒரு குடும்பத்து வாசற்படியிலே நின்று பார்த்தால் தெரிகிற அளவுக்குத் தெரிகிறது. பேராசிரியை அம்மா, இதைவிட எந்தக் கல்வெட்டு வேண்டும் உங்களுக்கு?

இந்த ஹசெகாவா அம்மையார் யார் என்று கொஞ்சம் சொல்லணும். பிறந்தது 1920. பதின்மூன்று, பதினான்கு வயதிலே தகப்பனார் போய்விட்டார். அம்மா, மூன்று பெண்கள்; ஆண் துணை இல்லாத வீடு. தோக்கியோவுக்குப் போய் அந்தக் காலத்துப் பெரிய கார்ட்டூன் ஓவியர் சுயிஹோ தகாவாவிடம் சீடப்பிள்ளையாகச் சேர்ந்தார். போர் நேரத்திலே ஃபுகுவோகாவுக்குத் திரும்பினார்கள். போர் முடிந்ததும் அக்காவும் தங்கையுமாகச் சேர்ந்து சொந்தமாகப் பதிப்பகமே வைத்தார்கள். பெயரும் 'ஷிமாய்ஷா', அதாவது சகோதரிகள் நிறுவனம். ஒரு பேருந்து நிறுவனம் அனுமதி இல்லாமல் சசாயே முகத்தை வண்டியிலே வரைந்து ஓட்டியபோது, விட்டுவிடவில்லை, வழக்குப் போட்டார். 1976-இல் தோக்கியோ நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1992-இல் காலமானார்.

யோசிச்சுப் பாருங்க. அப்பா, அம்மா, மகள், மருமகன், பேரன் என்று எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுகிற குடும்பத்தை வரைந்தவர், சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தவர். நமிஹெய் அந்த வீட்டிலே உட்கார்ந்து பிள்ளையை அதட்டுகிறாரே, அந்த அதட்டலை இவர் எவ்வளவு காலம் கேட்டிருப்பார்?

எதிரணிக்கு ஒரு நியாயம் உண்டு. அதை நான் மறைக்கப் போவதில்லை. செய்தித்தாளிலே இருந்த காரம் தொலைக்காட்சிக்கு வந்தபோது குறைந்துவிட்டது. பெட்டியிலே வருகிற அந்த வீட்டிலே பசி இல்லை, கடன் இல்லை, வியாதி இல்லை. உப்புக் குறைத்துச் சமைத்த சாப்பாடு. அந்த அம்மையாருக்கே இந்த நல்ல பிள்ளைத்தனம் அலுத்திருக்கும் என்று நினைக்கிறேன். 1966-இலிருந்து 1971 வரை 'பொல்லாத கிழவி' என்று பொருள்படும் இன்னொரு படக்கதை போட்டார். ஊரையே படுத்தி எடுக்கிற பாட்டி! எனக்கு என்னவோ அந்தப் பாட்டியைத்தான் ரொம்பப் பிடிக்கிறது.

ஆனால் தொலைக்காட்சித் தொடர் வேறு ஒரு வேலை செய்துவிட்டது. அது அசையாமல் நின்றது. அந்த வீட்டிலே தீபாவளி மாதிரிப் புத்தாண்டு வரும், பூப் பூக்கும், மழை வரும், ஆனால் யாருக்கும் வயது ஏறாது. மார்க்கண்டேயன் என்றும் பதினாறு. நமிஹெய் என்றும் ஐம்பத்து நான்கு. கூடத்திலே சுழற்றுகிற கறுப்புத் தொலைபேசி அப்படியே இருக்கிறது. ஆற்றிலே வெள்ளம் எவ்வளவு வந்தது என்று பார்க்க ஒரு கல் நட்டு வைப்பார்களே, அந்தக் கல் மாதிரி இந்தக் குடும்பம் நிற்கிறது. ஜப்பான் அதைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

எவ்வளவு ஓடியது? 1947-இல் ஜப்பானிய ஆணின் சராசரி ஆயுள் 50. அந்தக் கணக்கிலே 54 என்பது பழுத்த கிழம். பல நிறுவனங்களிலே 55-இல் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். 2022-இல் அதே சராசரி 81. எனக்கும் ஏறக்குறைய நமிஹெய் வயதுதான். ஆனால் யாராவது 'தாத்தா' என்று கூப்பிட்டால் எனக்குக் கோபம் வருகிறது, திரும்பிப் பார்க்கிறேன், வேற யாரையோ சொல்றாங்களோன்னு! (கைதட்டல்)

குடும்பத்துக்கு வாங்க. தாத்தா, பிள்ளை, பேரன் என்று மூன்று தலைமுறை சேர்ந்து வாழ்கிற வீடு 1986-இலே அங்கே நூற்றுக்கு 15. 2022-இல் நான்குகூட இல்லை, 3.8. தனியாக ஒரே ஆள் வாழ்கிற வீடு மூன்றிலே ஒன்று ஆகிவிட்டது. அப்படித் தனியாக இருக்கிறவரும் ஞாயிற்றுக்கிழமை ஆறரைக்குப் பெட்டியைத் திறந்தால், ஏழு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற மேசை தெரிகிறது. சராசரிக் குடும்பம் என்று தொடங்கிய தொடர், இல்லாமல் போன குடும்பத்தின் படமாக ஆகிவிட்டது. ஒரு வரிகூட மாற்றாமலே!

அந்த ஊர்க்காரர்கள் 'சசாயே சான் நோய்' என்றே ஒன்று சொல்வார்கள். தொடர் முடிகிற பாட்டுக் கேட்டதும் வயிற்றைப் பிசையும். என்ன வியாதி? நாளைக்குத் திங்கட்கிழமை! (சிரிப்பு) மச்சிகோ அம்மையார் வாழ்ந்த சகுராஷின்மச்சியிலே இந்தக் குடும்பத்துக்கு வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். 2012-இல் எவனோ ஒரு புண்ணியவான் நமிஹெய் சிலையின் அந்த ஒற்றை முடியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். புதிதாக வைத்தார்கள். அதையும் பிடுங்கினார்கள். இருந்த சொத்தே அது ஒன்றுதான் அய்யா!

2020-இல் கொரோனா வந்தபோது ஏப்ரல் கடைசியிலே ஒரு பகுதி வந்தது. விடுமுறைக்கு வெளியே போவது பற்றிப் பேசினார்கள். உடனே சிலர் கண்டித்தார்கள்: நாடே வீட்டுக்குள் அடைந்து கிடக்கும்போது இவர்கள் மட்டும் எப்படி வெளியே போகலாம்? கற்பனைக் குடும்பத்தை ஊரடங்குக்குக் கட்டுப்படு என்று அதட்டுகிறார்கள் என்றால், அவர்களை எந்த இடத்திலே வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அடுத்த மாதம் ஒலிப்பதிவு நின்று, பழைய பகுதிகளைத் திரும்பப் போட்டார்கள். அப்படி நடந்தது 1975-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

நடுவர் மணியிலே கை வைத்துவிட்டார். ஒன்றே ஒன்று சொல்லி உட்கார்கிறேன். 2019-இல் தொடருக்கு ஐம்பது வயது நிறைந்தது. அந்த நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை இரவு, நடிகர்களை வைத்து ஒரு சிறப்பு நாடகம் போட்டார்கள். இருபது ஆண்டுகள் கழித்து அந்தக் குடும்பம் எப்படி இருக்கும்? சசாயேக்கு 44. குறும்புக்காரக் கட்சுவோவுக்கு 31. குட்டிப் பையன் தாராவுக்கு 23, வேலை தேடுகிறான். நமிஹெய்க்கு 74. ஐம்பது ஆண்டு முழுவதும் ஏறாத வயது ஒரே இரவிலே ஏறியது.

அடுத்த ஞாயிறு மாலை ஆறரைக்குப் பெட்டியைத் திறந்தார்கள். தாராவுக்கு மறுபடியும் மூன்று. நமிஹெய் கால்களை மடக்கி உட்கார்ந்து கட்சுவோவை அதட்டிக்கொண்டிருந்தார். வயது ஐம்பத்து நான்கு.